வட்டத்தின் கிழக்குப் பாதி

காசிமேட்டைச் சுற்றி
ஏழு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன்.
பாதி கடலில் விழுந்தது.

மேற்கே கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி,
ரயில் பாதைக்கு அந்தாண்டை ஒரு கீற்று பெரம்பூர்.
கிழக்கே வெறும் நீலம்.
அதைக் கழித்துவிடலாமா என்று பார்த்தேன்,
கடலுக்குப் பின்கோடு இல்லை.
"கெடக்கட்டும்மா, உப்புத்தண்ணியா க்ளிக் பண்ணப்போவுது?"
என்றார் தேசிங்கு.

தேசிங்கு மரைன் டீசல் ஒர்க்ஸ்.
நாளொன்றுக்கு நானூறு ரூபாய்.
அதற்கு மேல் வேண்டாம் என்பதை
என் மேசைக் கண்ணாடியில் கிரீஸ் விரலால் எழுதிக் காட்டினார்.
மூன்று நாள் துடைத்தும் அந்த நான்கு போகவில்லை.

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து
சொற்களை ஏலம் எடுப்பது என் வேலை.
'போட் இன்ஜின் மெக்கானிக்' இருபது ரூபாய்.
'போட் இன்ஜின் விலை' முப்பத்தொன்று, அது நமக்கில்லை.
'மெக்கானிக் வேலை காலி',
அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.
வேலை தேடுகிறவர்கள் நம் வாசலுக்கு வந்து
காசைக் கரைத்துவிட்டுப் போகக் கூடாது.
போன வருஷம் 'வேலை காலி'யைத்தான்
நானும் ராத்திரி ராத்திரி தேடிக்கொண்டிருந்தேன்.
யார் யார் என்னைக் கழித்தார்களோ.

துறைமுகத்தில் மீன் ஏலம்.
வஞ்சிரக் கூடைக்கு இந்தப் பக்கம் தேசிங்கின் மனைவி அஞ்சலாட்சி.
எதிரே நிற்பவளின் கண் தெரியும்,
கையில் காசில்லாமல்தான் குரலை உயர்த்துகிறாள் என்பதும் தெரியும்.
எனக்கு முகங்கள் கிடையாது.
எவரோ ஒருவர் தேடும் ஒவ்வொரு தடவையும்
இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது.
எனக்கு மேலே ஒரு ஷோரூமும்
ராயபுரம் பெர்னார்டும் நிற்கிறார்கள்.
அவ்வளவுதான் நான் அறிவது.

தடைக்காலம் முடிய எட்டு நாள்.
எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இன்ஜின் ஞாபகம் வந்தது.
இருபத்திரண்டு கேட்டேன். பெர்னார்டு ஏறினார்.
இருபத்தேழு. அவரும்.
முப்பத்தெட்டில் முதலிடத்தைப் பிடித்தேன்.
காலை பத்தே முக்காலுக்கு நானூறும் தீர்ந்தது.
பத்து க்ளிக், இரண்டு அழைப்பு,
அதில் ஒன்று வீட்டு இன்வர்ட்டர்.
அப்புறம் நாளெல்லாம் நாங்கள் எங்கேயும் இல்லை.
"ஒசரத்துல ஏறினா சர்தான்,
பொழுது சாயிற வரைக்கும் நிக்க வேணாமா?"
இறங்கினேன். மூன்றாமிடம்.
இரவு பதினொன்றுக்கு மேல் அதிலும் பாதி விலை.
அந்நேரத்தில் யார் தேடப்போகிறார்கள்.

தடை நீங்கிய மூன்றாம் இரவு, மணி மூன்று பத்து.
துறைமுகச் சுவருக்கு வெளியே,
கரை விளக்குகள் தெரியும் தூரத்தில் ஒரு விசைப்படகு.
நின்றுபோன இன்ஜின், ஆறு பேர்,
ஒரே ஒரு செல்லில் இரண்டு கோடு சிக்னல்.
முதலாவதை அழுத்தினார்கள்:
ஷோரூம் ஒன்பதரைக்குத் திறக்கும் என்றது பதிவுக் குரல்.
இரண்டாவது, மணி அடித்துக்கொண்டே இருந்தது.
மூன்றாவது,
லுங்கியை இறுக்கியபடி எழுந்து உட்கார்ந்து
"காத்து புட்சிகினு கீது. ஃபில்டர் மேல நட்டு இருக்குல்ல,
அதத் தளத்து. கைப்பம்ப அடி.
நொர வருதா? நொர நிக்கிற வரைக்கும் அடி.
நான் லைன்லயே கீறேன்."

காலையில் அறிக்கையைத் திறந்தேன்.
ஒரு க்ளிக், பதினொரு ரூபாய் நாற்பது காசு.
இடம்: சென்னை.

இரவு விலையைப் பழையபடி முழுசாக்கினேன்.
மேலே ஏற்றவில்லை.

படகுக்காரர் எண்ணைச் சேமித்து வைக்கவில்லை.
மத்தியானம் மறுபடி தேடி, மறுபடி எங்களையே அழுத்தி,
கூலி எவ்வளவுண்ணே தரணும் என்று கேட்டார்.
பகல் விலை, இருபத்திரண்டு ரூபாய் பத்து காசு.
"கூலியெல்லாம் ஒண்ணும் வேணாம்பா" என்றார் தேசிங்கு,
"மொதல்ல இந்த நம்பர செல்லுல போட்டு வெச்சிக்கோ."